பெங்களூரு வீட்டில் புது பிளக் பாயின்ட்: எவ்வளவு ஆகும், எங்கே காசு போகும், எப்படிப் போடுவது

"ஒரு பவர் பாயின்ட் போட எவ்வளவு?" என்று பெங்களூரில் நாலு பேரிடம் கேட்டால், ஒருவர் 500 ரூபாய் என்பார், இன்னொருவர் 5,000 என்பார். இரண்டு பேரும் உண்மையையே சொல்லியிருக்கலாம். சுவரில் கண்ணுக்குத் தெரியும் சாக்கெட், சுவிட்ச், பிளேட் மூன்றுக்கும் சேர்த்து 400 ரூபாய்தான். மீதிப் பணம் முழுக்க அந்த சாக்கெட்டுக்கு மின்சாரம் வந்து சேரும் வழியில் போகிறது: டி.பி. பெட்டியிலிருந்து (மெயினிலிருந்து வரும் மின்சாரம் ஒவ்வொரு லைனாகப் பிரியும் பெட்டி) எத்தனை மீட்டர், நடுவில் எப்படிப்பட்ட சுவர், அதை வெட்டணுமா வேண்டாமா. அதனால் விலை கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது, "அண்ணா, லைன் எங்கிருந்து எடுக்கப் போறீங்க?" என்பதுதான். பதில் "பக்கத்து போர்டுல இருந்து" என்று வந்தால் அது ஒரு வேலை, "டி.பி.யில இருந்து தனியா" என்று வந்தால் முற்றிலும் வேறு வேலை.

கீழே உள்ள விலைகள் நகரத்துக்குள் சாதாரண ஹார்டுவேர் கடையில் நடுத்தர பிராண்டுக்கு ஆகும் தோராயக் கணக்கு. ஒயர் விலை காப்பரோடு ஏறி இறங்கும் என்பதால், வாங்கும் அன்று ஒரு தடவை விசாரித்துக்கொள்ளுங்கள்.

முதலில்: அதில் எதைச் செருகப் போகிறீர்கள்?

வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 2,000 வாட் இண்டக்ஷன் அடுப்பு 8.7 ஆம்பியர் இழுக்கும். 2,000 வாட் ஸ்டோரேஜ் கீசரும் அதேதான். 3,000 வாட் இன்ஸ்டன்ட் கீசர் 13 ஆம்பியர். தண்ணீர் சூடாக்கும் ஃப்ரன்ட் லோடு வாஷிங் மெஷின் 9 ஆம்பியர் வரை போகும். ஃபோன் சார்ஜர், டிவி, மிக்ஸி எல்லாம் இந்தக் கணக்கில் சின்னப் பிள்ளைகள்.

நாம் "5 ஆம்ஸ்", "15 ஆம்ஸ்" என்று சொல்வதை இன்று சாக்கெட்டின் மேல் 6, 16 என்று போட்டிருப்பார்கள். டிவி, ரவுட்டர், மிக்ஸிக்கு 6 ஆம்ஸ் போதும். சூடாக்குகிற எதற்கும் 16 ஆம்ஸ். இனி ஒயர் கணக்கு. லைட், ஃபேனுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், 16 ஆம்ஸ் பாயின்ட்டுக்கு 2.5, ஏ.சி.க்கும் நீண்ட தூரம் போகும் கீசர் லைனுக்கும் 4. கடையில் "2.5 எஸ்.க்யூ. எம்.எம். எஃப்.ஆர்." என்று கேட்டால் போதும். எஃப்.ஆர். என்றால் தீ எளிதில் பரவாத உறை.

நாம் பார்ப்பதிலேயே மிக ஆபத்தான 'சிக்கன வேலை' இந்த இடத்தில்தான் நடக்கிறது. ஹாலில் ஏற்கெனவே 6 ஆம்ஸ் சாக்கெட் இருக்கும். அதைக் கழற்றி அதே இடத்தில் 16 ஆம்ஸ் சாக்கெட்டை மாட்டிவிடுவார்கள். செலவு 200 ரூபாய். ஆனால் பின்னால் இருப்பது அதே பழைய 1 அல்லது 1.5 ஒயர். இண்டக்ஷன் அடுப்பைப் போட்டதும், அதே லைனில் ஃப்ரிட்ஜும் ஓடினால், 10 ஆம்ஸ் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானாக விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழலாம். விழுவது அதன் கடமை. "அடிக்கடி ட்ரிப் ஆகுது" என்று யாராவது அதை எடுத்துவிட்டு 20 ஆம்ஸ் எம்.சி.பி. போட்டால், அன்றிலிருந்து சுவருக்குள் இருக்கும் ஒயருக்குக் காவல் இல்லை. எம்.சி.பி. காப்பாற்றுவது அடுப்பை அல்ல, ஒயரை. ஒயரை மாற்றாமல் எம்.சி.பி.யைப் பெரிதாக்கச் சொல்கிற எலக்ட்ரீஷியனை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

மூன்று விதமான வேலை, மூன்று விதமான செலவு

மிகச் சுலபமானது, ஏற்கெனவே 16 ஆம்ஸ் லைன் வந்திருக்கும் போர்டுக்குப் பக்கத்தில் இன்னொன்று. சாக்கெட் 180, சுவிட்ச் 120, மூன்று மாட்யூல் பிளேட் 100, பெட்டி 80, நாலரை மீட்டர் ஒயர் 180, கூலி 300. ஆக 960 ரூபாய். இதில் ஒரு நிபந்தனை உண்டு. ஒரே லைனில் இரண்டு சாக்கெட் இருந்தாலும் கனமான இரண்டு பொருளை ஒரே நேரத்தில் ஓட்ட முடியாது. மைக்ரோவேவும் இண்டக்ஷனும் சேர்ந்து ஓடணும் என்றால் இது தீர்வு இல்லை. கெட்டுப்போன சாக்கெட்டை அதே திறனுள்ள புது சாக்கெட்டாக மாற்றுவது மட்டும் என்றால், பொருளும் வந்துபோகும் கூலியும் சேர்த்து 500-க்குள் முடியும்.

அடுத்தது, டி.பி.யிலிருந்து தனி லைன், சுவருக்கு மேலேயே கேஸிங்-கேப்பிங் பட்டியில் (ஒயரை உள்ளே வைத்து மூடும் பிளாஸ்டிக் பட்டி). நீளத்தை நீங்களே அளந்துகொள்ளுங்கள், யாரையும் நம்ப வேண்டியதில்லை. ஒரு உதாரணம்: டி.பி.யிலிருந்து சீலிங் ஓரம்வரை மேலே 1.2 மீட்டர், சீலிங் ஓரமாகக் குறுக்கே 7, சமையலறை மேடைக்குக் கீழிறங்க 1.8. மொத்தம் 10. இரண்டு முனையிலும் அரை மீட்டர் விட்டால் 11. பேஸ் (மின்சாரம் வருவது), நியூட்ரல் (அது திரும்பிப் போவது), எர்த் (பாதுகாப்புக்கு) என்று மூன்று ஒயர், ஆகவே 33 மீட்டர். சில்லறையாக மீட்டர் 40 ரூபாய் என்று வைத்தால் 1,320. கேஸிங் 2 மீட்டர் நீளத்தில் ஐந்து, 275. சுவரின் மேல் மாட்டும் பெட்டி 100, சாக்கெட்-சுவிட்ச்-பிளேட் 400, எம்.சி.பி. 220, ஸ்க்ரூ, அதைப் பிடிக்கும் சுவர் பிளக், எல்போ 85. பொருள் 2,400, கூலி 800. மொத்தம் 3,200.

மூன்றாவது, ஒயர் கண்ணுக்குத் தெரியக் கூடாது என்றால். சீலிங் ஓரத்தில் கேஸிங், சுவரில் ஏறும் இடமும் இறங்கும் இடமும் மட்டும் வெட்டி உள்ளே குழாய் என்று போனால், பொருள் 2,500, எலக்ட்ரீஷியன் கூலி 1,000, வெட்டிப் பூச 800, பெயின்ட் தொட்டுவிட 1,000. மொத்தம் 5,300. பெயின்ட்டில்தான் கணக்கு இழுக்கும். மூன்று வருஷப் பழைய சுவரில் புது பெயின்ட்டைத் தொட்டால் திட்டு தனியாகத் தெரியும். கடைசியில் முழுச் சுவரையும் அடிக்க வேண்டிவரும்.

நாலாவதாக ஒரு வழி உண்டு, பலருக்கும் தோன்றாதது. ஏற்கெனவே சுவருக்குள் போகும் குழாயில் இடம் இருந்தால் ஸ்பிரிங் (குழாய்க்குள் ஒயரை இழுக்கும் வளையும் கம்பி) விட்டுப் புது ஒயரை இழுத்துவிடலாம். வெட்டும் வேலையே இல்லை. வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே ஜங்ஷன் பாக்ஸ் மூடியைத் திறந்து ஸ்பிரிங் ஓடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 20 எம்.எம். குழாயில் ஏற்கெனவே ஆறேழு ஒயர் இருந்தால் வற்புறுத்தி இழுக்க விடாதீர்கள். பழைய ஒயரின் உறை உரிந்துவிடும், அது தெரியவும் தெரியாது.

வாடகை வீடா?

பெங்களூரில் வீட்டைக் காலி செய்யும்போது பெயின்ட்டுக்கென்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் கழிப்பது வழக்கம். வெட்டிய சுவர் அதற்கு மேல் ஒரு தகராறு. அதனால் வாடகை வீட்டில் கேஸிங் மட்டுமே போடுங்கள். ஓனருக்கு வாட்ஸ்அப்பில் எழுத்தாக ஒரு செய்தி அனுப்பிச் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்: "சார், கிச்சன்ல இண்டக்ஷனுக்கு ஒரு பவர் பாயின்ட் போடணும், சுவர் வெட்ட மாட்டோம், செலவு எங்களுது, போகும்போது அப்படியே விட்டுடுவோம்." ஓனர் கீழ்வீட்டிலேயே இருந்தாலும் எழுத்தில் இருப்பது நல்லது. கீசர் பாயின்ட் மாதிரி வீட்டோடு நிற்பதற்கு ஓனரே பாதி தருவதும் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

பில்லையும் ஒரு தடவை பாருங்கள். பெஸ்காம் (பெங்களூருக்கு மின்சாரம் தரும் நிறுவனம்) பில்லில் சேங்க்ஷன்டு லோடு, அதாவது உங்கள் வீட்டுக்கு அனுமதித்த அளவு, என்று ஒன்று இருக்கும். 3 கிலோவாட் என்று போட்டிருந்தால், கீசர் 2, இண்டக்ஷன் 2, அயர்ன் பாக்ஸ் 1 என்று ஒரே நேரத்தில் ஓடும்போது 5 ஆகிவிடுகிறது. ஏ.சி., கீசர் எனப் புதிதாகச் சேர்ப்பதாக இருந்தால் லோடை உயர்த்த விண்ணப்பிக்கணும். நிலைக் கட்டணமும் அந்தக் கிலோவாட் கணக்கில்தான். மீட்டருக்கு முன்னால் இருக்கும் ஒயரையும் சீலையும் எந்தத் தனியாரும் தொடக் கூடாது.

பொருள் வாங்குவது

ஒரே ஒரு பாயின்ட்டுக்காக சிக்பேட்டைக்குப் போய் அலைய வேண்டாம். பி.வி.கே. ஐயங்கார் ரோடும் எஸ்.பி. ரோடும் வீடு முழுக்க ஒயரிங் செய்பவர்களுக்கு லாபம். 90 மீட்டர் சுருள்களாக வாங்கும்போதுதான் அங்கே கிடைக்கும் தள்ளுபடி போக்குவரத்துச் செலவைத் தாண்டும். ஒரு பாயின்ட்டுக்குத் தெருமுனைக் கடையே போதும், ஆனால் பில் வாங்குங்கள்.

ஒயரின் உறையிலேயே அளவும் ஐ.எஸ்.ஐ. குறியும் அச்சாகியிருக்கணும். பெட்டியில் சி.எம்./எல். என்று தொடங்கும் எண் இருக்கும், அதை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் உரிமம் யாருடையது, நடப்பில் இருக்கிறதா என்று காட்டும். இதற்கு ஒரு நிமிஷம் ஆகும், செய்யுங்கள்.

மாட்யூலர் சுவிட்சுகள் ஒரு பிராண்டுக்கு இன்னொன்று பொருந்தாது. ஒரே பிராண்டிலேயே சீரிஸ் மாறினாலும் பொருந்தாமல் போகலாம். பழைய போர்டோடு சேர்ப்பதாக இருந்தால் ஒரு சுவிட்சைக் கழற்றி ஃபோட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். 16 ஆம்ஸ் சாக்கெட் இரண்டு மாட்யூல் இடம் பிடிக்கும், சுவிட்ச் ஒன்று. மூன்று மாட்யூல் பெட்டி சரியாக இருக்கும். ஷட்டர் உள்ள சாக்கெட்டாகவே கேளுங்கள். குழந்தை இருக்கும் வீட்டில் அந்தத் துளைக்குள் ஹேர்பின் போகாமல் தடுப்பது அதுதான்.

எர்த் ஒயரில் மிச்சம் பிடிக்காதீர்கள். 2.5 லைனுக்கு 1.5 எர்த் போடுவது வழக்கமாக இருக்கிறது. 11 மீட்டருக்கு மிச்சமாவது 150 ரூபாய்க்கும் குறைவு. எர்த்தையும் 2.5-லேயே போடச் சொல்லுங்கள்.

வேலை நடக்கும் முறை

இதை நீங்களே செய்யச் சொல்லவில்லை. ஒயரிங் வேலைக்குக் கர்நாடக அரசின் மின் ஆய்வுத் துறை தரும் பெர்மிட் உள்ளவர்கள் இருக்கிறார்கள், அவர்களையே கூப்பிடுங்கள். பக்கத்தில் நின்று பார்க்கும்போது எது சரி, எது தப்பு என்று உங்களுக்குத் தெரியணும், அதற்காகத்தான் இது.

மெயினை இறக்குவது முதல் வேலை. இங்கே யு.பி.எஸ். உள்ள வீடுகளுக்கு ஒரு ஆபத்து இருக்கிறது. கரண்ட் போனால் சமாளிக்க யு.பி.எஸ். வைத்திருப்போம். மெயினை இறக்கினதும் கரண்ட் போய்விட்டது என்று நினைத்து யு.பி.எஸ். வேலை செய்ய ஆரம்பித்துவிடும். லைட், ஃபேன் ஒயரில் 230 வோல்ட் அப்படியே இருக்கும். அதையும் அணைக்கணும், பிறகு டெஸ்டர் வைத்துப் பார்க்கணும். புதுப் பவர் பாயின்ட்டை யு.பி.எஸ். லைனிலிருந்து எடுக்கவும் கூடாது. எடுத்தால் கரண்ட் போன நேரத்தில் இண்டக்ஷனைப் போட்டதும் ஓவர்லோடு ஆகி வீடே இருண்டுவிடும்.

அடுத்து இடம் குறிப்பது. சமையல் மேடைக்கு மேலே வரும் பாயின்ட் தரையிலிருந்து 1.1 முதல் 1.2 மீட்டர் உயரத்தில் இருந்தால் கை எட்டும், தண்ணீரும் தெறிக்காது. சிங்க்குக்கும் அடுப்புக்கும் நேர் மேலே வேண்டாம். கீசர் சாக்கெட்டை ஷவர் தண்ணீர் படாத உயரத்தில் வைத்து, சுவிட்சைக் குளியலறைக்கு வெளியே கொண்டுவருவது நல்லது.

சுவர் வெட்டுவது பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்லணும். இந்த ஊரில் அறைகளுக்கு நடுவே உள்ள சுவர்கள் பெரும்பாலும் 4 அங்குல சாலிட் பிளாக். அதில் செங்குத்தாகச் சுவர் தடிமனின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆழம் போகக் கூடாது. அதாவது சுமார் 30 எம்.எம். இதில் 20 எம்.எம். குழாய் உட்கார்ந்து மேலே பூச்சுக்கும் இடம் இருக்கும், 25 எம்.எம். போட்டால் பூச்சுக்கு இடம் போதாது. குறுக்கே நீளமாக வெட்டினால் சுவரின் பலமே போகும். அதனால்தான் மேலே சொன்ன கணக்கில் குறுக்கு வழிக்குக் கேஸிங் வைத்தோம். தூண், பீம் இரண்டையும் தொடவே கூடாது. மறுபக்கத்து அறையில் அதே இடத்தில் பெட்டி இருந்தால் இரண்டும் முட்டிச் சுவரில் ஓட்டை விழும். தட்டிப் பார்த்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். வெட்டுவது கிரைண்டரில் இரண்டு கோடு, நடுவில் உளி. தூசி ஒரு வாரம் அடங்காது, அரிசி மூட்டையை முதலிலேயே வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள். பூச்சின் மேல் ஒரு கம்பி வலை வைத்துப் பூசினால் பிறகு அந்தக் கோட்டில் விரிசல் ஓடாது.

ஒயர் நிறம்: சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். "கையில இருந்த ஒயரைப் போட்டேன் சார்" என்று மூன்றும் ஒரே நிறத்தில் வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பத்து வருஷம் கழித்து அந்தப் பெட்டியைத் திறப்பவர் அந்த நிறத்தைத்தான் நம்புவார்.

இனி கனெக்ஷன். உறையை 10 முதல் 12 எம்.எம். மட்டும் உரிக்கணும். கத்தியை உறையைச் சுற்றி அழுத்தி ஓட்டினால் உள்ளே இரண்டு மூன்று இழை அறுந்துபோகும். அறுந்த இழை எவ்வளவோ அவ்வளவுக்கு ஒயர் மெலிந்துவிட்டது என்று அர்த்தம். இழைகளை ஒரே பக்கமாக முறுக்கி, துளைக்குள் விட்டு, ஸ்க்ரூவை இறுக்கியபின் ஒயரைப் பிடித்து ஒரு இழு இழுக்கணும். வரக் கூடாது. ஸ்க்ரூவின் கடி செம்பின் மேல் இருக்கணும், உறையின் மேல் இருக்கக் கூடாது. வெளியே செம்பு தெரியவும் கூடாது. சாக்கெட்டை நேராகப் பார்க்கும்போது மேலே பெரிய துளை எர்த், வலது பேஸ், இடது நியூட்ரல். சுவிட்ச் பேஸில்தான் வரணும்.

டி.பி.யில் புது எம்.சி.பி. 16 அல்லது 20 ஆம்ஸ், சி கர்வ் (பொருள் ஓடத் தொடங்கும்போது ஒரு கணம் ஏறும் கரண்டுக்கு விழாத வகை). காலி இடம் இல்லையென்றால் பக்கத்தில் சின்னப் பெட்டி ஒன்று, அதற்குத் தனியாக 200-300. புது லைன் ஆர்.சி.சி.பி.க்கு (மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) பின்னால் வரணும், அதன் நியூட்ரலும் அதே ஆர்.சி.சி.பி.யின் நியூட்ரல் பாரில்தான் சேரணும். நியூட்ரலை வேறு லைனில் சேர்த்துவிட்டால், எதையாவது செருகி சுவிட்சைப் போட்ட கணமே ஆர்.சி.சி.பி. விழும். "ஆர்.சி.சி.பி. கெட்டுப்போச்சு, எடுத்துடலாம்" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். கெட்டது அது அல்ல, நியூட்ரல் தப்பான இடத்தில் இருக்கிறது. வீட்டில் ஆர்.சி.சி.பி.யே இல்லையென்றால், இந்த வேலையோடு 30 மில்லிஆம்பியர் ஒன்று போட்டுவிடுங்கள். 2,000 ரூபாய் வரை ஆகும். இந்தப் பட்டியலில் எதை வேண்டுமானாலும் தள்ளிப்போடுங்கள், இதை வேண்டாம்.

எது கெடும், ஏன்

பழைய 16 ஆம்ஸ் சாக்கெட்டைக் கவனித்துப் பாருங்கள். மூன்று துளையில் ஏதோ ஒன்றைச் சுற்றி மட்டும் பழுப்பு வளையம் இருக்கும், பிளாஸ்டிக் லேசாகக் குழைந்திருக்கும். கரண்ட் அதிகமாகப் போனதால் என்று நினைப்பார்கள். பெரும்பாலும் காரணம் பிடிப்பு தளர்ந்ததுதான். பிளக் பின்னும் சாக்கெட்டும் சேரும் இடத்திலோ, பின்னால் ஸ்க்ரூ கடிக்கும் இடத்திலோ ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை வந்துவிட்டால், 10 ஆம்பியர் போகும்போது நகக்கண் அளவு இடத்தில் 10 வாட் சூடு உருவாகிறது. கீசர் அரை மணி நேரம் ஓடினால் அரை மணி நேரமும் அந்தப் புள்ளி வெந்துகொண்டே இருக்கும். சூட்டில் பிடிப்பு இன்னும் தளரும், தளர்ந்தால் சூடு இன்னும் ஏறும். வளையம் தெரிந்த சாக்கெட்டை இறுக்கிப் பயனில்லை. மாற்றணும், கருகிய ஒயர் நுனியை நல்ல செம்பு வரும்வரை வெட்டணும். அதற்காகத்தான் பெட்டிக்குள் 15-20 சென்டிமீட்டர் ஒயர் மிச்சம் விடச் சொல்வது.

இன்னொரு கோளாறு, எர்த் ஒயர் சாக்கெட்டில் அழகாக மாட்டியிருக்கும், மறுமுனை டி.பி.யில் எதிலும் சேராமல் சும்மா தொங்கும். எல்லாம் ஓடும், ஒரு குறையும் தெரியாது. வாஷிங் மெஷினைத் தொட்டால் விரலில் லேசாகச் சுர்ரென்று இருக்கும், அவ்வளவுதான். அந்தச் சுர்ரை யாரும் பழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள்.

கூலி கொடுப்பதற்கு முன்

மல்டிமீட்டரை வைத்து மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள். பேஸ்-நியூட்ரல் 230-ஐ ஒட்டி இருக்கணும். பேஸ்-எர்த் கிட்டத்தட்ட அதே அளவு. நியூட்ரல்-எர்த் ஓரிரு வோல்ட். பேஸ்-எர்த் அளவு குறைவாகவோ தாவித்தாவியோ காட்டினால் எர்த் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. டெஸ்டர் லைட் எரிவது மட்டும் சோதனை ஆகாது. நியூட்ரலோ எர்த்தோ இல்லாவிட்டாலும் அது எரியும். பிறகு ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள், உடனே விழணும். கடைசியாக, எதற்காகப் போட்டீர்களோ அந்தப் பொருளையே செருகி அரை மணி நேரம் முழு சூட்டில் ஓடவிட்டு, சாக்கெட் பிளேட்டின் மேல் கை வையுங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை எடுக்கத் தோன்றினால் எலக்ட்ரீஷியன் கிளம்புவதற்குள் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

சுவர் வெட்டிய வேலை என்றால், பூசுவதற்கு முன்பே டேப்பைப் பக்கத்தில் பிடித்து குழாய் போகும் வழியை ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருஷம் அதே சுவரில் ஷெல்ஃப் மாட்ட ட்ரில் எடுப்பவருக்கு அது வேண்டும். டி.பி. மூடியில் புது எம்.சி.பி.க்கு நேராக "கிச்சன் 16 ஆம்ஸ்" என்று மார்க்கரில் எழுதிவிட்டு மூடுங்கள்.